குறிச்சி, சேரி, காலனி, நகர்

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். நகரமயமாதலும் இழந்த வாழ்வும் என்பது பொருள். ஐந்து பேர் பேசினார்கள். ஐவரும் ஒரே கட்டுரையைத்தான் வெவ்வேறு குரல்களில் வாசித்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது. திண்ணை போயிற்று, முற்றம் போயிற்று, அடுத்த வீட்டில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்கும் உரிமை போயிற்று, அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரர் இறந்த செய்தியே பதினாறாம் நாள்தான் தெரியவருகிறது. அரங்கில் சிலர் கண் கலங்கினார்கள். நானும் கைதட்டினேன். திரும்பி வரும் பேருந்தில், விழுப்புரம் தாண்டிய பிறகுதான் தட்டிய கை உறுத்தத் தொடங்கியது.

அந்தத் திண்ணையில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று ஐவரில் ஒருவரும் சொல்லவில்லை. கறிவேப்பிலை கேட்டவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இழப்பின் கணக்கு வேறாகியிருக்கும். நம் சிற்றிதழ்களிலும் இணையப் பக்கங்களிலும் கால்நூற்றாண்டாகப் பெருகிவரும் 'ஊர் இழந்த' கட்டுரைகளின் மீது எனக்குள்ள வழக்கு இதுதான். நாம் இழந்ததாகப் புலம்பும் கூட்டுவாழ்வு உண்மையில் ஓர் எல்லைக்கோட்டுக்கு இப்பால் இருந்தவர்களின் கூட்டுவாழ்வு. அந்தக் கோடு அழியவில்லை. தார் பூசிக்கொண்டு, பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு, மனைப்பிரிவு அங்கீகாரமும் பெற்றுக்கொண்டு நகரத்துக்குள் குடிவந்துவிட்டது. இழந்ததைப் பற்றி எழுதும் நாம், இழக்காமல் பத்திரமாக வைத்திருக்கும் இதைப் பற்றி எழுதுவதில்லை.

இதை நான் கள்ளக்குறிச்சியை முன்வைத்துச் சொல்கிறேன். நான் பிழைக்கும் ஊர் இது. பேசத் தகுதியுள்ள இடத்தைப் பற்றிப் பேசுவதே நாகரிகம்.

*

தமிழ் படித்தவன் என்பதால் சொற்களிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்தருள்க.

அகப்பொருள் இலக்கண மரபு நிலத்துக்கு நிலம் ஊர்ப்பெயரைப் பிரித்துச் சொல்கிறது. குறிஞ்சிக்குச் சிறுகுடியும் குறிச்சியும். முல்லைக்குப் பாடியும் சேரியும். மருதத்துக்குப் பேரூரும் மூதூரும். நெய்தலுக்குப் பாக்கமும் பட்டினமும். வகுப்பில் இதை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஓரிடத்தில் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அது 'சேரி' என்ற சொல் வரும் இடம். ஐயா, சேரி என்றால் முல்லை நிலத்து ஊரா, என்று எவனாவது கேட்பான். ஆம், சேர்ந்து வாழும் இடம் சேரி, வேறொன்றுமில்லை என்பேன். வகுப்பில் ஒரு பகுதி புன்னகைக்கும். இன்னொரு பகுதி மேசையைப் பார்க்கும். எந்தப் பகுதி எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதை வருகைப் பதிவேட்டைப் பார்க்காமலேயே அப்போது சொல்லிவிடலாம்.

சேர்ந்து வாழும் இடத்தைக் குறித்த சொல், விலக்கி வைக்கப்பட்ட இடத்தைக் குறிக்கும் சொல்லாக எப்போது மாறியது? ஒரே நாளில் நடந்ததன்று. ஆனால் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் வரியில்லா நிலங்களை வரிசைப்படுத்தும்போது ஊர்நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரியைத் தனியாகவும் கம்மாணச்சேரியைத் தனியாகவும் எழுதிவிட்டன. ஆயிரம் ஆண்டுகளாக ஆவணம் இருக்கிறது. ஊர் ஓரிடம், சேரி ஓரிடம். வரித் தள்ளுபடியில் மட்டும் சமத்துவம்.

இதற்குப் பிறகு வந்த சொல் காலனி. வெள்ளைக்காரன் சொல். அரசு வீட்டுமனை கொடுத்த இடங்களுக்கு அரசே சூட்டிய பெயர். நாற்பது ஆண்டுகளுக்குள் அதுவும் சேரியின் மறுபதிப்பாயிற்று. 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், தெருக்களிலும் ஊர்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பெயர்களை அகற்ற அரசாணை வந்தது. குடிசை மாற்று வாரியம் 2021இலேயே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகிவிட்டது.

பெயர் மாற்றத்தைக் கேலி செய்பவர்களின் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். முகவரி எழுதும்போது பேனா தயங்கும் மாணவனை நான் பார்த்திருக்கிறேன். முகவரியில் தெருப்பெயரை விட்டுவிட்டு 'பேருந்து நிலையம் அருகில்' என்று எழுதுபவனுக்குப் பெயரின் எடை தெரியும். கேலி செய்பவருக்குத் தெரியாது. ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. சேரி போய்க் காலனி வந்தது. காலனி போய் நகர் வரும். நகருக்கு நாற்றம் ஏற நாம் எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொள்வோம்? சொல் தானாகக் கெடுவதில்லை. அது குறிக்கும் இடம் கெட்ட நிலையில் வைக்கப்பட்டிருக்கும்வரை, போடுகிற ஒவ்வொரு சொல்லும் கெடும்.

*

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஐம்பத்திரண்டாயிரம் பேர் இருந்த ஊர், ஒரே நாளில் மாவட்டத் தலைநகர். மகிழ்ச்சிதான். சான்றிதழ் ஒன்றுக்காக விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறிய காலம் முடிந்தது. ஆட்சியர் அலுவலகத்துக்கு வீரசோழபுரத்தில் அர்த்தநாரீசுவரர் கோயில் நிலத்தைத் தேர்ந்தார்கள். அது சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காயிற்று. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2022 சனவரியில் மற்றப் பத்துக் கல்லூரிகளோடு சேர்த்து அதைப் பிரதமர் காணொலியில் திறந்து வைத்தார்.

இவற்றோடு இன்னொன்றும் வந்தது. சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையை ஒட்டிய கரும்புக் கொல்லைகளிலும் மக்காச்சோளக் கொல்லைகளிலும் வெள்ளையும் மஞ்சளும் பூசிய கற்கள் முளைத்தன. வளைவு வைத்தார்கள். வளைவில் நகர் என்று எழுதினார்கள். 'ஆட்சியர் அலுவலகம் அருகில்', 'மருத்துவக் கல்லூரி அருகில்' என்று துண்டறிக்கை அடித்தார்கள். கொல்லைக்காரர் வீட்டுக்கு மகிழுந்து வந்தது. வளர்ச்சி என்று இதைத்தான் நம் ஊரில் சொல்கிறோம்.

2024 சூன் 18 மாலையும் மறுநாளும் இந்த மாவட்டத் தலைநகரின் நடுவிலிருக்கும் கருணாபுரத்தில் நடந்ததை நாடே அறியும். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூட்டை தூக்குபவர்கள், பெயின்ட் அடிப்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பெண்களும் உண்டு. சிறுவங்கூரில் இடம் போதாமல் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுவை ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு சாமியானா போட்டிருந்தார்கள். கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்தன. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. முந்தைய ஆண்டு மே மாதத்தில்தான் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் இதே மெத்தனால் உயிர்களைக் குடித்திருந்தது.

அந்த வாரம் இங்கே வந்த செய்தியாளர்கள் எல்லாரும் ஒன்றை எழுதினார்கள்: காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே விற்பனை நடந்திருக்கிறது. இது காவல்துறை மீதான குற்றச்சாட்டாக எழுதப்பட்டது; சரியான குற்றச்சாட்டுத்தான். ஆனால் கூப்பிடு தூரத்தில் காவல் நிலையம் மட்டுமா இருக்கிறது? கடைவீதி இருக்கிறது. பேருந்து நிலையம் இருக்கிறது. வழக்குரைஞர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள் குடியிருக்கும் தெருக்கள் இருக்கின்றன. தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நானும் இருக்கிறேன். அந்த ஊரில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருந்த நான், கருணாபுரத்தின் தெருவுக்குள் முதன்முதலாக நுழைந்தது 2024 சூன் 20 அன்று. பிணத்தைப் பார்க்க.

பக்கத்து வீட்டுக்காரர் இறந்தது பதினாறாம் நாள் தெரியவருவதாகக் கலங்கினாரே அந்தப் பேச்சாளர், அவரிடம் இதைச் சொல்ல நினைக்கிறேன். நகரம் நம்மை அயலாரை அறியாதவர்களாக மாற்றவில்லை. சில அயலாரை அறியாமலிருக்கும் பயிற்சியோடுதான் நாம் நகரத்துக்கே வந்தோம்.

*

அந்தச் சாவுகளுக்குப் பிறகு படித்தவர்கள் நடுவில் இரண்டு பேச்சுகள் உலவின. முதலாவது, பத்து லட்சம் பற்றியது. இறந்தவர் குடும்பத்துக்கு அரசு பத்து லட்சம் அறிவித்தவுடன், 'குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா' என்ற நகைச்சுவைத் துணுக்குகள் கைப்பேசி கைப்பேசியாகத் தாவின. எனக்கும் வந்தன, அனுப்பியவர்களில் கவிதை எழுதுபவர்களும் உண்டு. குடி தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தத் துணுக்கு குடியைப் பற்றியதன்று. அந்தத் தெருவுக்கு இவ்வளவு பணம் எதற்கு என்பதுதான் அதன் உட்பொருள்.

இரண்டாவது பேச்சு பரிவின் முகமூடி அணிந்தது. 'அந்த இடத்தையே காலி செய்து, ஊருக்கு வெளியே நல்ல அடுக்குமாடி கட்டிக் கொடுத்துவிடலாம், அவர்களும் திருந்துவார்கள், ஊரும் சுத்தமாகும்.' தேநீர்க் கடையில் கேட்டேன். ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்டேன்.

இந்த யோசனைக்கு முன்னோடி இருக்கிறது. சென்னையின் ஆற்றங்கரைகளிலும் நடைபாதைகளிலும் வாழ்ந்தவர்களை அப்படித்தான் திருத்தப் புறப்பட்டோம். 2000ஆம் ஆண்டுமுதல் கண்ணகி நகரில் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேல். வீடு சின்னது என்பது பெரிய குறையன்று. வேலை இருந்த இடம் ஓரிடம், வீடு கிடைத்த இடம் இருபது கிலோமீட்டர் தள்ளி என்பதுதான் குறை. மயிலாப்பூரில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண், விடியுமுன் பேருந்துக்கு நிற்க வேண்டியதாயிற்று. பலர் வேலையை விட்டார்கள். பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள். எந்தக் கூட்டுவாழ்வு அவர்களைத் தாங்கியதோ, அவசரத்துக்குக் கைமாற்றும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு கிழவியும், கடனுக்குப் பொருள் தரும் பெட்டிக்கடையும், அது குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கியபோது சிதறிப் போயிற்று. திண்ணை போனதற்கு அழும் நம் கட்டுரையாளர்களில் எத்தனை பேர் இந்தச் சிதறலுக்காக ஒரு பத்தி எழுதினார்கள்? இருபத்தைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் திட்டமிட்டுக் குலைக்கப்பட்ட மிகப் பெரிய அண்டைவாழ்வு அதுதான். ஆனால் அங்கே திண்ணை இல்லை. ஆகவே அது நம் இலக்கியப் பொருளாகவில்லை.

மாறாக ஒன்று செய்து பார்த்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் நூறு வீடுகளில் நாற்பது ஆதிதிராவிடர்க்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோர்க்கு, இருபத்தைந்து மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு, பத்துப் பிறர்க்கு என்று கலந்து ஒதுக்கினார்கள். அடுத்த வீடு யாருடையது என்பதை அரசே தீர்மானித்த ஒரே திட்டம். அதன் துணிவை நான் மதிக்கிறேன். அதன் வரம்பு என்ன? பழைய ஊர் பழைய ஊராகவே இருக்க, சமத்துவத்துக்கென்று தனியாக ஒரு புரம் கட்டினோம். ஊருக்குள் கொண்டுவர முடியாததை ஊருக்கு வெளியே வைத்தோம்.

*

வீட்டின் அடிப்படை சுவரன்று, மனை. இதை 1891இலேயே ஓர் ஆங்கிலேய அதிகாரி எழுதி வைத்தார். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலைபற்றி அளித்த அறிக்கையில் நிலமின்மையோடு மனையின்மையையும் சேர்த்துச் சொன்னார். குடிசை நிற்கும் இடம் மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். ஆகவே எதிர்த்துப் பேச்சு எழாது. கூலியைக் காட்டிலும் மனையே கட்டுத்தறி. அடுத்த ஆண்டு வந்த பஞ்சமி நில ஆணையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். மனை பற்றிய அவரது அவதானிப்பை அவ்வளவாகப் பேசவில்லை. பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயக் கூலிகளுக்கு அந்த மனையையே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் வருவதற்கு 1971 ஆயிற்று.

இன்று அந்தக் கட்டுத்தறிக்கு வேறு பெயர்: ஆக்கிரமிப்பு. நகரத்தில் புறம்போக்கில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவன் ஆக்கிரமிப்பாளன். இனி இன்னொரு காட்சியைப் பாருங்கள். தமிழ்நாடெங்கும் ஏரிப் பாசன வயல்களை அங்கீகாரமின்றி மனையாக்கி விற்றார்கள். 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவைத் தடுத்தது. நடுத்தர வர்க்கம் பதறியது. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது: 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனையா, கட்டணம் கட்டு, சரியாகிவிடும். விதியை மீறியவர் இருவர். ஒருவருக்கு வரன்முறை, ஒருவருக்கு வெளியேற்றம். 2025 பிப்ரவரியில், சென்னையைச் சுற்றிய பகுதிகளிலும் பிற நகரங்களிலும் ஆட்சேபணையற்ற புறம்போக்கில் வாழும் ஏறத்தாழ எண்பத்தாறாயிரம் பேருக்குப் பட்டா வழங்க அமைச்சரவை முடிவெடுத்தது. வரவேற்கிறேன். ஆனால் காசு கட்டியவருக்கு 2017இல் கிடைத்தது, காசில்லாதவருக்கு முடிவாக வந்து சேரவே மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின என்பதையும் குறித்து வைக்கிறேன்.

*

ஊரைப் பற்றிச் சொன்னேன். மலையை விட்டுவிட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகும். குறிச்சி என்ற பெயரே மலையிலிருந்து இறங்கியதுதானே.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலை 1976வரை மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்தது. நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மலையாளிப் பழங்குடி மக்களின் நிலம் அரசின் கைக்கு வந்தது. அரசு வந்தபின் வனத்துறை வந்தது. 2006இன் வன உரிமைச் சட்டம் தரும் பட்டாவுக்காக மனு எழுதுவது மலையில் இன்றும் ஒரு தொழில். 2024 சூலையில், அதாவது கருணாபுரம் எரிந்து முடிந்த பின்னர், உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்த வழக்கை எடுத்தது. சாலை எங்கே, பேருந்து எங்கே, பள்ளி எங்கே என்று நீதிபதிகள் கேட்டார்கள். மலையின் நிலை நகரத்தின் கண்ணில் படுவதற்கு நகரத்தில் அறுபது பேர் சாகவேண்டியிருந்தது.

சாராயம் என்றவுடன் எல்லா விரல்களும் மலையைத்தான் காட்டின. மலையில் ஊறல் போடுவது உண்மை. வெல்லமும் மரப்பட்டையும் ஊறும் பானைகளைக் காவல்துறை உடைப்பதும் ஆண்டாண்டுக் காட்சி. ஆனால் மெத்தனால் மரப்பட்டையில் ஊறி வருவதில்லை. அது ஆலைகளுக்கான வேதிப்பொருள். சமவெளியிலிருந்து, நல்ல சாலைகளில், வண்டியில் வருவது. கொன்றது சமவெளி, பழி மலைக்கு.

இப்போது சொல்லப்போவது என் வீட்டுத் தெருவில் நடந்தது. வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து ஒரு மாணவன் என்னிடம் முதுகலை படித்தான். தினமும் மலையேறி இறங்கப் பேருந்து ஒத்துவரவில்லை, விடுதியிலும் இடமில்லை. என் தெருவில் ஒரு மாடி அறை காலியாக இருந்தது. நானே அழைத்துச் சென்றேன். வீட்டுக்காரர் எனக்கு நல்ல பழக்கம். என் மேடைப் பேச்சைக் கேட்டுப் பாராட்டியவர். அவனை வாசலில் நிறுத்திவிட்டு என்னை உள்ளே அழைத்தார். "தப்பா நெனைக்காதீங்க ஐயா. மலைக்காரப் பசங்க. நாளைக்குச் சாராயம் அது இதுன்னு போலீஸ் வந்து நின்னா நமக்குத்தானே அசிங்கம்?" கருணாபுரம் நடந்து ஓராண்டு ஆகியிருந்தது. நான் வாதிட்டேனா? இரண்டு வாக்கியம் பேசினேன். பிறகு அவர் கொடுத்த காப்பியைக் குடித்தேன். வெளியே வந்தபோது அவன் எதையும் கேட்கவில்லை. "பரவால்லைங்க ஐயா, நான் பஸ்லயே வந்துக்கிறேன்" என்றான். அந்த ஆண்டு அவனுக்கு முதல் பாடவேளை வருகை குறைந்தது. வருகைக் குறைவுக்கான அபராதப் படிவத்தில் நானே கையொப்பமிட்டேன்.

மேலும் ஒன்று. நெடுஞ்சாலை ஓரத்து நகர் ஒன்றில் நானும் ஒரு மனை வாங்கியவன். தரகர் வரைபடத்தை விரித்து, தெற்குப் பார்த்த மனை, முப்பதடிச் சாலை, பூங்காவுக்கு எதிரே என்று காட்டினார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "நம்ம ஆளுங்களாப் பாத்துத்தான் சார் குடுக்கறோம்" என்றார். என் சாதியை அவருக்கு யார் சொன்னது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முன்பணம் கொடுத்தேன். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்வெட்டில் ஊர்நத்தம் ஒரு வரியும் பறைச்சேரி ஒரு வரியுமாக வெட்டியவனுக்கும், அன்று அந்த வரைபடத்தின்மேல் கையொப்பமிட்ட எனக்கும் என்ன வேறுபாடு? அவன் கல்லில் வெட்டினான். நான் நீல மையில் எழுதினேன்.

*

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைக் குறுகிய பற்றின் சாக்கடை என்று சாடியபோது, நகரத்தின் மீது அவர் வைத்த நம்பிக்கை அதில் உள்ளடங்கியிருந்தது. நகரத்தில் உன்னை யாரென்று கேட்க மாட்டார்கள் என்பதே அந்த நம்பிக்கை. நம்முடைய ஊர்ப்பாசக் கட்டுரைகள் எதைக் குறையாகச் சொல்கின்றனவோ, எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமை, அதுவே லட்சக்கணக்கானோருக்கு வரமாக இருந்திருக்க வேண்டும். கள்ளக்குறிச்சி போன்ற ஊர்கள் அந்த வரத்தையும் தரவில்லை. கிராமத்தின் கேள்விகளை வைத்துக்கொண்டு நகரத்தின் வாடகையைக் கேட்கின்றன.

இலக்கியத்தில் இதெல்லாம் எழுதப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாமாவின் 'கருக்கு' (1992) ஊரை அறிமுகப்படுத்தும்போதே எந்தத் தெரு யாருடையது என்று வரிசைப்படுத்திக் காட்டிவிடுகிறது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) காலனிக்கும் வெளியே இருக்கும் ஒரு குடும்பத்தின் வாசலில் நம்மை நிறுத்துகிறது. இவற்றுக்கு நாம் பரிசு கொடுத்தோம், பாடத்திட்டத்தில் வைத்தோம், பத்து மதிப்பெண் வினாவாக்கினோம். பிறகு நம் சொந்த நினைவைப் பற்றி எழுத உட்காரும்போது, அந்தப் புத்தகங்களை மூடிவைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறோம்.

என்ன செய்யவேண்டும் என்று கேட்பீர்கள். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. வாழும் இடத்திலேயே மனைப்பட்டா வேண்டும். வடிகாலும் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் ஆட்சியர் அலுவலகத்துக்குக் காட்டிய அவசரத்தோடு கருணாபுரத்துக்கும் வரவேண்டும். மனைப்பிரிவு போடும்போது சட்டப்படி ஒதுக்கும் பத்து விழுக்காட்டுப் பொது இடம் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டது. அதாவது ஊருக்குச் சொந்தம். அதைச் சுற்றிச் சுவரெழுப்பி, 'நகர்வாசிகளுக்கு மட்டும்' என்று பலகை மாட்டுவது சட்டமீறல். மாட்டியிருக்கும் ஊர்களில் அதை அகற்றச் சொல்லி மனுப் போட நமக்குக் கவிதை எழுதுமளவு நேரம்கூட ஆகாது. மலைப் பிள்ளைகளுக்கு ஊருக்குள், கல்லூரியை ஒட்டி விடுதி வேண்டும். வாடகைக்குக் கேட்டு வருபவனிடம் சாதி கேட்பது பண்பாடு என்ற பெயரில் நடக்கும் அயோக்கியத்தனம் என்று, கேட்பவர் நம் நண்பராக இருக்கும்போது, அவர் காப்பியைக் குடிக்காமல் சொல்லவேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகக் கடினம் என்று அறிவேன்.

அந்த மனையில் நான் இன்னும் வீடு கட்டவில்லை. கட்டுவேன், வாடகை வீட்டிலேயே கழிக்க எனக்கும் மனமில்லை. மாடியில் ஓர் அறை எடுக்கத் திட்டமிருக்கிறது. அந்த மாணவன் படிப்பை முடித்துவிட்டான். அவனுக்குப் பின்னால் மலையிலிருந்து மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். தரகர் சொன்ன 'நம்ம ஆளுங்க' அப்போது என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். அதற்கு முன் நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கவேண்டும்.

திண்ணையைப் பற்றிய அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. போகிறேன். இம்முறை கைதட்டுவதற்கு முன், அதில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று எழுந்து நின்று கேட்பதாக இருக்கிறேன்.